அலுமினியம் ரேட்டு ஏன் ஏறுது ஏன் இறங்குதுன்னு நாமளே கணக்கு போட்டுப் பாக்கறது எப்படி

2022 பிப்ரவரில ஒரு வீட்டுக்கு மொத்த ஜன்னலுக்கும் சதுர அடி ரேட்டு பேசி கொட்டேஷன் குடுத்துட்டேன், அட்வான்ஸும் வாங்கியாச்சு, செக்ஷன் (ஜன்னல் சட்டத்துக்கான நீள அலுமினியத் துண்டு) எடுக்க போறதுக்குள்ள உக்ரைன் சண்டை ஆரம்பிச்சு மார்ச் முதல் வாரத்துல லண்டன் மார்க்கெட்ல அலுமினியம் டன்னு 4000 டாலரைத் தாண்டிடுச்சு, அதுவரைக்கும் அந்த உயரத்துக்கு அது போனதே இல்ல. பேசுன ரேட்டை மாத்த மனசு வரல, கைக்காசு போட்டுத்தான் அந்த வேலைய முடிச்சு குடுத்தேன். அன்னைக்கு உக்காந்து யோசிச்சேன், எங்கயோ நடக்கற சண்டைக்கும் சேலத்துல நான் மாட்டற ஸ்லைடிங் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம்னு. அப்போ இருந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். ஃபேப்ரிகேஷன் பண்றவங்க, வீடு கட்டறவங்க, காயலான் கடைல பழசு போடறவங்க எல்லாருக்கும் பிரயோஜனப்படும்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கோங்க, மத்த எல்லாம் இதுல இருந்துதான் கிளம்புது. அலுமினியம்ங்கறது கெட்டியாப்போன கரண்ட்டு. இந்த தொழில்ல இருக்கறவங்க ரொம்ப வருஷமா இப்படித்தான் சொல்லிட்டு இருக்காங்க, சும்மா சொல்லல. பாக்சைட்னு ஒரு சிவப்பு மண்ணு, அதை காஸ்டிக் சோடால வேகவெச்சு வெள்ளைப் பவுடரா அலுமினா எடுப்பாங்க, அந்தப் பவுடரை 950 டிகிரிக்கு மேல கொதிக்கற ஒரு உப்புக் குழம்புல கரைச்சு அதுக்குள்ள கரண்ட்டை விட்டா அடில அலுமினியம் தங்கும். 1886ல அமெரிக்காவுல ஹால்னு ஒருத்தரும் பிரான்ஸ்ல எரூன்னு ஒருத்தரும் தனித்தனியா ஒரே வருஷத்துல கண்டுபிடிச்ச முறை, இன்னைக்கும் உலகம் பூரா அதே முறைதான். அதுக்கு முன்னாடி அலுமினியம் வெள்ளி மாதிரி மதிப்பான பொருள், 1884ல வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சில பெருமையா வெச்சது ஒரு சின்ன அலுமினிய பிரமிடைத்தான். மின்சாரம் வந்ததுக்கப்புறம்தான் அது நம்ம வீட்டு இட்லிப் பானையா மாறுச்சு.

கணக்கு என்னன்னா, 1 கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ அலுமினா வேணும், அதுக்கு 4ல இருந்து 5 கிலோ பாக்சைட் வேணும், அது போக ஏறக்குறைய 14 யூனிட் கரண்ட்டு வேணும். உங்க வீட்டு பழைய 75 வாட்ஸ் சீலிங் ஃபேன் இருக்குல்ல, அதை ராத்திரி பகல் நிறுத்தாம ஏழெட்டு நாள் ஓட்டற கரண்ட்டு அது, ஒரே ஒரு கிலோவுக்கு. யூனிட்டு 8 ரூபான்னு வெச்சா கரண்ட்டுக்கே 112 ரூபா ஆயிடும். அந்த ரேட்டுக்கு கரண்ட்டு வாங்கி எவனும் அலுமினியம் உருக்க முடியாது, அதனாலதான் ஸ்மெல்ட்டர், அதாவது அலுமினியம் உருக்கற ஆலை, எங்க இருக்குன்னு பாத்தா மண்ணு இருக்கற எடத்துல இருக்காது, கரண்ட்டு மலிவா கிடைக்கற எடத்துல இருக்கும். ஐஸ்லாந்துல ஒரு பிடி பாக்சைட் கிடையாது, ஆனா மூணு ஸ்மெல்ட்டர் இருக்கு, ஏன்னா அங்க பனி உருகி ஓடற ஆறு இருக்கு, அங்கங்க பூமிச் சூடும் இருக்கு. பஹ்ரைன், துபாய் பக்கம் கேஸ் இருக்கு. கனடாவுல கியூபெக் மாகாணத்துல அணைக்கட்டு இருக்கு. நம்ம நாட்டுல நிலக்கரி, அதனால ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப்பிரதேசம் ரேணுகூட்னு நிலக்கரியை ஒட்டியே உக்காந்திருக்காங்க, பக்கத்துலயே சொந்த அனல் மின் நிலையமும் வெச்சிருக்காங்க.

நம்ம ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சு, மேட்டூர்ல. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோன்னு சொல்வோம், 1965ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க, ஏற்காடு மலையிலயும் கொல்லிமலையிலயும் பாக்சைட் தோண்டி லாரில இறக்குவாங்க. ஆரம்பத்துல வெளில இருந்து வர்ற கரண்ட்டை நம்பி ஓடுச்சு, கரண்ட்டு ரேட்டு ஏற ஏற தாங்கல, அப்புறம் கை மாறி சொந்தமா நிலக்கரி மின் நிலையம் போட்டாங்க. 2008 கடைசில உலகம் பூரா ரேட்டு சரிஞ்சப்ப உருக்கறதையே நிறுத்திட்டாங்க. ஆனா மின் நிலையம் அதுக்கப்புறமும் ஓடுச்சு, கரண்ட்டை வெளிய வித்தாங்க. இதை நல்லா கவனிங்க, அதே கரண்ட்டை அலுமினியமா மாத்தி விக்கறதை விட கரண்ட்டாவே வித்தா லாபம். அலுமினியத்தோட மொத்தப் பொருளாதாரமும் இந்த ஒரு இடத்துல இருக்கு.

சரி, இப்போ ரேட்டு கணக்குக்கு வருவோம். உலக ரேட்டு லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்ல முடிவாகுது, எல்எம்இன்னு போட்டு தேடுனா வரும், 1978ல இருந்து அங்க அலுமினியம் வியாபாரம் நடக்குது, டன்னுக்கு டாலர்ல இருக்கும். ஒரு பேச்சுக்கு எல்எம்இ 2500 டாலர், டாலர் 85 ரூபான்னு வெச்சுக்கோங்க. பெருக்கி 1000 ஆல வகுத்தா கிலோவுக்கு 212 ரூபா 50 காசு. இதோட பிரீமியம்னு ஒண்ணு இருக்கு, அதாவது சரக்கை கையில குடுக்கறதுக்கு எல்எம்இ மேல வாங்கற கூடுதல் காசு, அது ஒரு 150 டாலர்னு வெச்சா 225 ரூபா ஆச்சு. அதுக்கு மேல இறக்குமதி வரி ஏழரை சதவீதம், அந்த வரி மேல பத்து சதவீதம் சர்சார்ஜ், ஆக எட்டேகால் சதவீதம், இப்போ 244 ரூபா கிட்ட வந்துடுச்சு.

இங்க நிறைய பேரு கேப்பாங்க, நம்ம நாட்டுலயே தோண்டி நம்ம நாட்டுலயே உருக்கற சரக்குக்கு எதுக்கு இறக்குமதி வரி கணக்குன்னு. நியாயமான கேள்விதான். வெளில இருந்து கொண்டுவந்தா 244 ஆகும்னா உள்ளூர் கம்பெனியும் அதை ஒட்டித்தான் ரேட்டு வெப்பாங்க, கம்மியா விக்கணும்னு அவங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. அந்த வரி பெரிய கம்பெனிக்கு பாதுகாப்பு, ஆனா அதோட பாரம் செக்ஷன் வாங்கற சின்ன ஃபேப்ரிகேட்டர் வரைக்கும் இறங்கி வருது. எனக்கு இது சரியா படல, உருக்கறதுல வேலை செய்யறவங்களை விட அதை அறுத்து, வளைச்சு, ஜன்னலா பாத்திரமா பம்ப்பா மாத்தறதுல வேலை செய்யறவங்க எத்தனையோ மடங்கு அதிகம், வரி போடும்போது அவங்களையும் நினைக்கணும்.

இந்தக் கணக்கைப் போட்டுட்டு நால்கோங்கற அரசு அலுமினியக் கம்பெனி வெப்சைட்ல போய் அவங்க போடற ரேட் சர்க்குலரைப் பாருங்க, இன்காட் (வார்த்த கட்டி), பில்லட் (செக்ஷன் இழுக்கற உருளை), வயர் ராடுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. எம்சிஎக்ஸ்ங்கற நம்ம நாட்டு சரக்குச் சந்தைலயும் கிலோவுக்கு ரூபால பாக்கலாம், அது ஜிஎஸ்டி சேக்காத ரேட்டு. நீங்க போட்ட கணக்கும் இதுவும் கிட்டக்கிட்ட வரணும். இதுக்கு மேல பில்லட்டை செக்ஷனா இழுக்கற எக்ஸ்ட்ரூஷன் கூலி, பவுடர் கோட்டிங் இல்ல ஆனடைசிங், வண்டி வாடகை, டீலர் லாபம், கடைசில 18 சதவீதம் ஜிஎஸ்டி. உலக ரேட்டு ஆடும்போது ஆடறது மெட்டல் ரேட்டு மட்டும்தான், கூலியும் கோட்டிங்கும் தினமும் ஆடாது, ஆக எல்எம்இ 10 சதவீதம் ஏறுச்சுன்னு யாராவது செக்ஷன் மொத்த ரேட்டையும் 10 சதவீதம் ஏத்துனா அங்கயே நிறுத்திக் கேக்கலாம்.

வீடு கட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை இங்கயே சொல்லிடறேன். சதுர அடி ரேட்டை மட்டும் பேசாதீங்க, செக்ஷன் எத்தனை எம்எம் கனம், ஒரு ஜன்னலுக்கு எத்தனை கிலோ போகுதுன்னு கேளுங்க. ஒன்றரை எம்எம் சொல்லிட்டு ஒரு எம்எம் போட்டா மெட்டல்ல மூணுல ஒரு பங்கு காணாமப் போயிடும், கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் வெச்சு அளந்தாதான் தெரியும். எடை போட்டு காட்ட சொன்னா நல்ல ஃபேப்ரிகேட்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

அடுத்து, ரேட்டு எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டியே மோப்பம் பிடிக்கணும்னா எங்கெங்க கண்ணு வெக்கணும்னு சொல்றேன். சரியா எந்த நாள் எவ்ளோ ஏறும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா ஏன் ஏறுச்சுன்னு புரிஞ்சா பதட்டம் இருக்காது.

சீனாவை முதல்ல பாருங்க. உலகத்துல வருஷத்துக்கு 7 கோடி டன் சுத்தி புது அலுமினியம் வருது, அதுல பாதிக்கு மேல, அறுபது சதவீதம் கிட்ட, சீனா மட்டுமே உருக்குது. இந்தியா ரெண்டாவது எடம், ஆனா 40 லட்சம் டன் சுத்திதான், அந்த வித்தியாசத்தைப் பாத்துக்கோங்க. சீன அரசாங்கம் வருஷத்துக்கு நாலரைக் கோடி டன்னுக்கு மேல உருக்கற சக்தியை விடக்கூடாதுன்னு உச்சவரம்பு போட்டு வெச்சிருக்கு, இப்போ அந்த வரம்பை முட்டற அளவுக்கு வந்துட்டாங்க. முன்னாடி எல்லாம் ரேட்டு ஏறுனா சீனாவுல புதுசா நாலு ஃபேக்டரி கிளம்பும், ரேட்டு இறங்கிடும், அந்த வழி இப்போ அடைபட்டுட்டு வருது. அதோட அங்க யுன்னான் மாகாணத்துல அணைக்கட்டு கரண்ட்டை நம்பி ஸ்மெல்ட்டரை கொண்டுபோய் வெச்சாங்க, மழை பொய்ச்சு அணை வத்துன வருஷம் எல்லாம் நிறைய பானையை அணைக்க வேண்டியதாப் போச்சு. யுன்னான்ல மழை பேயலைன்னா நம்ம ஜன்னல் ரேட்டு ஏறும், கேக்கறதுக்கு விசித்திரமா இருக்கும், ஆனா அதான் நடக்குது.

பானைன்னு சொன்னேன்ல, உருக்கற தொட்டியை ஆங்கிலத்துலயும் பாட்னுதான் சொல்வாங்க, நூத்துக்கணக்குல வரிசையா இருக்கும். சில மணி நேரம் கரண்ட்டு நின்னாப் போதும், உள்ள இருக்கறது உறைஞ்சு கல்லாயிடும், திருப்பி கிளப்பறதுக்கு மாசக்கணக்கு ஆகும், செலவும் ஏகப்பட்டது. அதனால நட்டம் வந்தாலும் ரொம்ப நாளைக்கு ஓட்டிட்டேதான் இருப்பாங்க, நிறுத்த மாட்டாங்க, ஒரு தடவை நிறுத்திட்டா அப்புறம் ரேட்டு ஏறுனாலும் உடனே தொடங்க மாட்டாங்க. ரேட்டு ஒரேயடியா சரியறதுக்கும் ஒரேயடியா எகிறறதுக்கும் பின்னால இந்த மெதுவான போக்கு இருக்கு. 2008 ஜூலைல 3300 டாலர் கிட்ட இருந்தது அடுத்த வருஷ ஆரம்பத்துல 1300க்கும் கீழ போச்சு. 2022ல ஐரோப்பாவுல கேஸ் ரேட்டு ஏறி கரண்ட்டு தாங்காம ஸ்லோவாக்கியாவுல எல்லாம் ஸ்மெல்ட்டரை அணைச்சாங்க.

அப்புறம் கினியா. ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைல ஒரு ஏழை நாடு, உலகத்துலயே அதிக பாக்சைட் இருப்பு அங்கதான். கப்பல் கப்பலா பெரும்பகுதி சீனாவுக்குப் போகுது. 2021 செப்டம்பர்ல அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் மண்ணு ஏத்துறது பெருசா நிக்கக்கூட இல்ல, பயத்துலயே ரேட்டு பத்து வருஷம் காணாத அளவுக்குப் போச்சு. 2024 கடைசில இன்னொரு பாடம் கிடைச்சுது: கினியால ஒரு பெரிய சுரங்கத்தோட ஏற்றுமதிய நிறுத்தினாங்க, ஆஸ்திரேலியால ஒரு பழைய அலுமினா ஆலையை அந்த வருஷ நடுவுலயே மூடியிருந்தாங்க, அலுமினா டன்னு 800 டாலர் பக்கம் ஏறிடுச்சு. ஒரு டன் அலுமினியத்துக்கு ரெண்டு டன் அலுமினான்னா அதுவே 1600 டாலர், ஆனா அலுமினியம் வித்தது 2600 சுத்தி. மிச்சம் 1000 டாலர்ல கரண்ட்டு, பானைக்குள்ள கரண்ட்டை விடற கார்பன் கட்டி, சம்பளம், வட்டி எல்லாம் முடியுமா? அந்த சமயத்துல சொந்த மண்ணும் சொந்த அலுமினா ஆலையும் வெச்சிருந்தவன் சம்பாதிச்சான், அலுமினாவை வெளில வாங்கி உருக்கறவன் மாட்டிக்கிட்டான். கம்பெனி ஷேர் வாங்கணும்னு நினைக்கறவங்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பாக்காம வாங்காதீங்க.

அரசியல் மூணாவது. 2018 ஏப்ரல்ல ரஷ்யாவோட ருசால் கம்பெனி மேல அமெரிக்கா தடை போட்டப்ப ரெண்டே வாரத்துல 2000 டாலர்ல இருந்தது 2500ஐத் தாண்டுச்சு, மறுவருஷம் தடையை எடுத்தாங்க. அமெரிக்கா அதே 2018ல வெளிநாட்டு அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டுச்சு, 2025 மார்ச்ல 25 ஆச்சு, ஜூன்ல 50 ஆச்சு. அவங்களுக்கு வர்ற சரக்குல பெரும்பங்கு பக்கத்து நாடு கனடாவுல இருந்துதான், அந்த வரிய கடைசில கட்டறது அமெரிக்காவுல டின்னு, கார், ஜன்னல் வாங்கறவங்கதான். நாம பாக்க வேண்டியது என்னன்னா, இந்த மாதிரி வரி வந்தா எல்எம்இ ரேட்டு பெருசா ஆடாது, அந்த நாட்டு பிரீமியம்தான் எகிறும். எல்எம்இ மட்டும் பாத்துட்டு எல்லாம் அமைதியா இருக்குன்னு நினைச்சுடக்கூடாது.

இப்போ ரேட்டுல வராத செலவு. எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கற பகுதி இதுதான், இதை விட்டுட்டு கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அலுமினா எடுத்தது போக மிச்சம் வர்ற சிவப்புச் சேறு இருக்கே, ரெட் மட், காஸ்டிக் கலந்தது, கை வெச்சா தோல் வெந்துடும். அலுமினா எவ்ளோ வருதோ ஏறக்குறைய அதே அளவுக்கு, சில மண்ணுல அதுக்கும் மேல இந்தச் சேறு வரும், குளம் மாதிரி கரை கட்டி தேக்கி வெப்பாங்க. 2010 அக்டோபர் 4ஆம் தேதி ஹங்கேரில அய்க்கா ஊர் பக்கம் அந்தக் கரை உடைஞ்சு சேறு ஊருக்குள்ள புகுந்துச்சு, 10 பேர் செத்தாங்க, நிறைய பேருக்கு உடம்பு வெந்துபோச்சு. உலகத்துல இன்னும் இந்தச் சேத்தை முழுசா பயன்படுத்த வழி வரல, கொஞ்சம் சிமென்ட்டுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் குவிஞ்சுட்டே இருக்கு.

மலையும் அப்படித்தான். ஒடிசாவுல நியாம்கிரி மலை உச்சில பாக்சைட், அடிவாரத்துல லாஞ்சிகட்ல அலுமினா ஆலைய முதல்லயே கட்டிட்டாங்க, மலையைத் தோண்ட அனுமதி வந்துடும்னு நம்பி. அந்த மலை டோங்ரியா கோந்து மக்களுக்கு சாமி. 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்த ஊர் கிராம சபைங்களே முடிவு பண்ணட்டும்னு சொல்லுச்சு, 12 கிராம சபை கூடுச்சு, பன்னண்டும் வேணாம்னு சொல்லிடுச்சு. பாக்சைட் இருக்கற மலைங்க பெரும்பாலும் மேல தட்டையா தண்ணிய உறிஞ்சி வெச்சு வருஷம் பூரா ஊத்து விடற மலைங்க, அதைச் சொரண்டிட்டா கீழ இருக்கற வயலுக்கு தண்ணி எங்க இருந்து வரும்னு அந்த மக்கள் கேட்டது வெறும் சாமி பிரச்சினை இல்ல, பொருளாதாரக் கேள்வியும் கூட. எந்த ஆடிட்டர் கணக்குலயும் அந்த ஊத்துக்கு ஒரு ரேட்டு போட்டு நான் பாத்ததில்ல.

புகைக் கணக்கும் கரண்ட்டை வெச்சுத்தான். நிலக்கரி கரண்ட்டுல உருக்குனா ஒரு டன்னுக்கு கார்பன் டை ஆக்ஸைடு 16 டன்னுக்கு மேல கூட போகும், அணைக்கட்டு கரண்ட்டுல உருக்குனா 4 டன் சுத்தி நின்னுடும். ஐரோப்பா எல்லைல கார்பன் காசு வாங்கற சட்டம் கொண்டுவந்திருக்கு, 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு குடுக்கணும், 2026ல இருந்து காசும் கணக்காகுது. ஐரோப்பாவுக்கு அலுமினியச் சரக்கு அனுப்பற கோயம்புத்தூர், சென்னைக் கம்பெனிங்க இன்காட் உருக்குனப்ப எவ்ளோ புகை போச்சுன்னு பேப்பர் கேட்டு வாங்கி வெச்சுக்கறது நல்லது.

இதெல்லாத்துக்கும் நம்ம கையில இருக்கற ஒரே மருந்து பழசு. பழைய அலுமினியத்தை திருப்பி உருக்க புதுசுக்கு ஆகற சக்தில 5 சதவீதம் போதும், 14 யூனிட் எங்க, ஒரு யூனிட்டுக்கும் கம்மி எங்க. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு பேரீச்சம்பழம்"னு தெருவுல கத்திட்டு வந்தாரே, நம்ம பாட்டிங்க ஈயப் பாத்திரம்னு சொல்லி அவர்கிட்ட போட்டதுல பாதி அலுமினியம்தான். அந்த மனுஷன் ஒரு மலையையே காப்பாத்திட்டு இருந்தாருன்னு எனக்குத் தோணுது.

பழசை நல்ல ரேட்டுக்குப் போடறது எப்படின்னா, பிரிச்சுப் போடணும், அவ்ளோதான் ரகசியம். பட்டறைல ஒரே மூட்டைல எல்லாத்தையும் கொட்டுனா அதுல மட்டமானது எதுவோ அந்த ரேட்டுதான் கிடைக்கும். செக்ஷன் துண்டு தனி, அது பெரும்பாலும் 6063 கிரேடு, சுத்தமா இருந்தா திருப்பி பில்லட்டாவே ஊத்தலாம், அதுக்கு மதிப்பு அதிகம். பவுடர் கோட்டிங் அடிச்சது தனி. இஞ்சின் பிளாக், பம்ப் கேசிங் மாதிரி காஸ்டிங் தனி, அதுல சிலிக்கான் ஜாஸ்தி, செக்ஷனோட கலந்தா ரெண்டும் கெட்டுடும். கரண்ட்டு கம்பி தனி, அது ரொம்ப சுத்தமான அலுமினியம். பாத்திரம், ஷீட் தனி. முக்கியமா ஸ்க்ரூ, ரிவெட், கீல் எல்லாத்தையும் கழட்டுங்க, ஒரு காந்தம் வெச்சு தடவிப் பாருங்க, ஏன்னா அலுமினியத்துல ஒரு தடவை இரும்பு கரைஞ்சுட்டா திருப்பி வெளிய எடுக்கற வழி சாதாரண உலைல கிடையாது, நல்ல சரக்கை ஊத்தி நீர்த்துப்போக வைக்கத்தான் முடியும். அப்புறம் ஈர சரக்கை உலைக்குப் போற மூட்டைல போட்டுடாதீங்க, உருகுன அலுமினியத்துல தண்ணி பட்டா வெடிக்கும், அங்க நிக்கற ஆளு நம்ம மாதிரி குடும்பக்காரர்.

ரேட்டு பேசும்போது கடைக்காரர்கிட்ட "கிலோ எவ்ளோண்ணே"ன்னு மட்டும் கேக்காதீங்க, அன்னைக்கு இன்காட் ரேட்டு என்னன்னு தெரிஞ்சு வெச்சுட்டு "இன்காட்ல எத்தனை பர்சன்ட் தர்றீங்கண்ணே"ன்னு கேளுங்க, பேச்சோட தரமே மாறிடும்.

நான் இப்போ பண்றது இதுதான். பட்டறைல ஒரு நோட்டு, திங்கக்கிழமை காலைல அஞ்சு நம்பர் எழுதுவேன்: எல்எம்இ, டாலர், நால்கோ இன்காட், என் டீலர் சொல்ற செக்ஷன் ரேட்டு, காயலான் கடை ரேட்டு. கொட்டேஷன்ல கீழ தேதியும் போட்டு "இந்த ரேட்டு 7 நாளைக்கு மட்டும், அதுக்கு மேல மெட்டல் வித்தியாசம் தனி"ன்னு எழுதிடறேன், அட்வான்ஸ் வந்த அன்னைக்கே செக்ஷனை எடுத்து ரேக்ல வெச்சுடறேன். நோட்டுல ஒரு ஆறு மாசம் எழுதுனதுக்கப்புறம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, இன்காட் ஏறுனா டீலர் அதே வாரம் ஏத்திடறாரு, இறங்குனா மட்டும் மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் இறக்கறாரு. போன தடவை நோட்டை எடுத்துட்டுப் போய் அவர் டேபிள் மேல விரிச்சு வெச்சேன், ரெண்டு பக்கம் புரட்டிப் பாத்துட்டு கிலோவுக்கு 6 ரூபா கம்மி பண்ணி பில் போட்டாரு.